வேண்டாத ஸ்வரங்கள்

கரூஸோவின் பழைய ரிகார்டுகளில் சிலவற்றைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சலித்தெடுத்து, 1976-ம் வருஷம் ஆர்.சி.ஏ. கம்பெனி ஒரு புதுப் பிளேட்டாக வெளியிட்டது. 'கரூஸோ - எ லெஜண்டரி பெர்ஃபார்மர்' என்று அதற்குப் பெயர். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாளாக எனக்கு ஓர் எண்ணம். நாவல் எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இத்தாலிய ஆபராவைப் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம். சங்கீத விமர்சகன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் இது சங்கீத விஷயம் மட்டும் அல்ல. செத்துப்போன ஒரு மனிதனுடைய குரலில் எது அவனுடையது, எது அவனுடையது அல்ல என்று வேறொருவன் உட்கார்ந்து தீர்மானிக்கிற விஷயம். அந்த மாதிரித் தீர்மானங்களைத் தினமும் செய்து வயிறு வளர்க்கிறவன் என்ற முறையில், எனக்கும் இதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்றே நினைக்கிறேன்.

1902-ம் வருஷம் ஏப்ரல் மாதம், மிலான் நகரத்து ஹோட்டல் ஒன்றில், ஓர் அறையில் நின்றுகொண்டு கரூஸோ பத்துப் பாட்டுகளைக் கிராமபோன் கம்பெனிக்காகப் பாடினார். ஒலிப்பதிவுக்கு மைக் என்ற வஸ்து அப்போது வரவில்லை. ஒரு பெரிய குழாயின் வாய்க்கு நேரே நின்று பாட வேண்டும். பாடுகிறவருடைய மூச்சின் பலமே குழாயின் மறு நுனியில் இருக்கும் மெல்லிய தகட்டை அசைக்கும். தகடு ஊசியை அசைக்கும். ஊசி மெழுகில் கீறும். மின்சாரத்துக்கு அங்கே வேலையே இல்லை. மின்சார முறையில் பதிவு செய்வது 1925-ல் வந்தது. கரூஸோ 1921-லேயே காலமாகிவிட்டார். ஆகவே அவர் குரல் என்று நமக்குக் கிடைப்பதெல்லாம் அந்தக் குழாய் வழியாக வந்ததுதான்.

குடத்துக்குள் வாயை வைத்துப் பேசிப் பார்த்தவர்களுக்கு விஷயம் சட்டென்று விளங்கும். சில சுருதிகளில் குடமும் கூடச் சேர்ந்துகொண்டு முழங்கும். சில சுருதிகளில் வாயைத் திறக்காது. பதிவுக் குழாயும் அப்படித்தான். தனக்குப் பிடித்த சுருதிகளைத் தூக்கி நிறுத்தும், பிடிக்காதவற்றை விழுங்கிவிடும். கரூஸோ எல்லா ஸ்வரங்களையும் ஒரே பலத்தில் பாடியிருந்தாலும், மெழுகில் விழுந்தது குழாயின் விருப்பு வெறுப்புகளோடு கலந்த கரூஸோ. பழைய பிளேட்டுகளில் எல்லாப் பாடகர்களும் சளி பிடித்தவர்கள் மாதிரி ஒலிப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இந்தக் கலப்பைப் பிரித்துவிட முடியும் என்று நம்பியவர் தாமஸ் ஸ்டாக்ஹாம். அமெரிக்காவில் யூட்டா சர்வகலாசாலையில் பேராசிரியர். அவருடைய யுக்தி கேட்பதற்கு எளிமையாகத்தான் இருக்கிறது. குழாயின் குணம் என்ன என்று நமக்குத் தெரியாது. ஆனால் பாட்டு முடிகிற வரைக்கும் குழாய் மாறாமல் நிற்கிறது. பாட்டோ கணத்துக்குக் கணம் மாறுகிறது. பாட்டைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்தச் சுருதிக்கு எவ்வளவு பலம் என்று கணக்கெடுத்து, எல்லாவற்றுக்கும் சராசரி போட்டால், மாறுகிற சமாசாரம் கலைந்து போகும். மாறாத குழாய் எஞ்சி நிற்கும். பாட்டுக்கும் ஒரு சராசரி உண்டே, அது எங்கே போகும் என்று நீங்கள் ஆட்சேபிக்கலாம். அதற்கும் அவர் பதில் வைத்திருந்தார். அதே பாட்டைப் பிற்காலத்தில் நல்ல மைக்கின் முன் பாடிய வேறொரு பாடகரின் ரிகார்டை எடுத்து, அதற்கும் சராசரி கண்டார். இரண்டு சராசரிகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் குழாய். அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் கரூஸோ.

கணக்கில் பிசகு இல்லை. ஆனால் அந்த 'வேறொரு பாடகர்' இருக்கிறாரே, அவர்தான் எனக்கு உறுத்துகிறார்.

கரூஸோவின் குரல் கீழே இறங்கும்போது இருண்டு கனத்துவிடும், டெனர் பாடகர் என்பதே மறந்துபோகும் என்று அவரை நேரில் கேட்டவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். உரைகல்லாக எடுத்துக்கொண்ட பாடகரின் குரல் அவ்வளவு இருட்டாக இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது இரண்டு சராசரிகளுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் குழாயின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். கரூஸோவின் சொந்தச் சொத்தில் ஒரு பகுதியும் குழாயோடு சேர்ந்து கழிந்துபோகும். நாலு பேருக்குப் பொதுவான ஒரு முகத்தை மனசில் வைத்துக்கொண்டு, அதற்கு மாறாக இருப்பதையெல்லாம் புகைப்படத்தின் அழுக்கு என்று துடைத்துவிடுகிற மாதிரி. மச்சமும் அழுக்கும் துடைக்கிறவன் கைக்கு ஒன்றுதான்.

இதைச் சொல்லிவிட்டு, பிளேட்டைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட அனுபவத்தையும் சொல்லாவிட்டால் அது நேர்மை ஆகாது. பழைய பிளேட்டையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டேன். மூக்கடைப்பு நீங்கியிருக்கிறது. குரல் நாலடி முன்னே வந்து நிற்கிறது. ஒரு வார்த்தையை முடித்து அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் அவர் மூச்சை எப்படிச் சேமிக்கிறார் என்பது தெரிகிறது. ஊசியின் உராய்வு இரைச்சல் அப்படியேதான் இருக்கிறது. குழாயைக் கழிக்கிற முறைக்கும் இரைச்சலுக்கும் சம்பந்தம் இல்லை. சொல்லப்போனால், குழாய் விழுங்கிய சுருதிகளைத் திரும்பத் தூக்கும்போது அங்கே படுத்திருக்கும் இரைச்சலும் எழுந்து நிற்கத்தான் செய்யும். எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை. மழை பெய்துகொண்டிருக்கிறது, மழைக்கு அந்தப் பக்கத்தில் ஒருவர் பாடுகிறார் என்பது கேட்கிறவனுக்குப் புரிகிறது. என் கருத்தில் இந்தப் பிளேட்டின் மிகப் பெரிய குணம் அதுதான். கழித்தவர், தாம் கழித்ததோடு நிறுத்திக்கொண்டார்.

எல்லாரும் அப்படி நிறுத்திக்கொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. 1932-லேயே, கரூஸோ இறந்து பதினோரு வருஷத்துக்குப் பிறகு, பழைய பதிவின் மேல் புதிதாக ஒரு வாத்தியக் கோஷ்டியை மின்சார முறையில் வாசிக்க வைத்துச் சேர்த்து விற்றார்கள். 2000-ம் வருஷத்தை ஒட்டி வியன்னா ரேடியோ சிம்பொனி வாத்தியக் கோஷ்டியை உட்கார வைத்து மறுபடியும் அதே காரியத்தைச் செய்தார்கள். பழைய வாத்தியங்களை முடிந்த மட்டும் அழித்துவிட்டுப் புது வாத்தியங்கள்! கேட்பதற்குச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் கச்சேரியில் பாடகரும் பக்கவாத்தியக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களே, அது இதில் எப்படி இருக்கும்? கரூஸோ ஒரு ஸ்வரத்தில் சற்றுக் கூடுதலாக நின்றால், அன்று அந்த அறையில் இருந்தவர்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். வியன்னாவில் வாசித்தவர்கள் எண்பது தொண்ணூறு வருஷத்துக்கு முன்பே முடிந்துபோன ஒன்றுக்குத் தாளம் போட்டார்கள். அந்த வித்தியாசம் காதில் படாமல் இருக்க முடியாது.

குழாயை விட்டுவிட்டு நம்மில் பலர் வீட்டில் இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். ரீல் டேப்பிலும் காஸட்டிலும் பதிந்து வைத்த பேச்சுக்களை இன்று ஜனங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஏற்றியவுடன் முதலில் காதில் விழுவது 'ம்...ம்' என்ற ஒரு முனகல். நம் நாட்டில் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. அமெரிக்காவில் 60 தடவை. கம்பிச் சுருளிலிருந்தோ, சரியாகப் பூமியில் இணைக்காத வயரிலிருந்தோ அந்த அதிர்வு பதிவுக்குள் புகுந்துவிடுகிறது. தனியாக வந்தால் பரவாயில்லை. 100, 150, 200, 250 என்று தன் மடங்குகளையும் அழைத்துக்கொண்டு வருகிறது. டியூப் லைட்டின் சோக் முனகுவது இந்த 100-ல்தான். ஆண்பிள்ளையின் பேச்சுக் குரலுக்கு அடிச்சுருதி பெரும்பாலும் 100-க்கும் 150-க்கும் நடுவிலே. எதிரி வாசலில் இல்லை. வீட்டுக்குள்ளேயே, அதுவும் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.

இதை எடுப்பதற்கு உள்ள பழைய வழி, அந்த அந்தச் சுருதியில் மட்டும் ஒரு குறுகிய வெட்டு வெட்டுவது. வெட்டு அகலமாகிவிட்டால் குரலில் பள்ளம் விழுந்து, பேசுகிறவர் உள்ளே ஒன்றும் இல்லாதவர் போல ஆகிவிடுகிறார். மிகவும் குறுகலாக வெட்டினாலும் தொல்லை உண்டு. சலிக்கிற கருவியே மணி அடித்தாற்போல அந்தச் சுருதியில் நீட்டி முழங்க ஆரம்பிக்கிறது. முனகலை எடுக்கப் போய், ஒவ்வொரு வார்த்தையின் வாலிலும் ஒரு புது முனகல்! ஆழத்தில் இருக்கிற 50-ஐத் தாராளமாக வெட்டலாம், அங்கே பேச்சே இல்லை. இன்னும் கொஞ்சம் மேலே வெட்டினால்கூடக் காது மன்னித்துவிடுகிறது. பழைய டெலிபோனில் 300-க்குக் கீழே எதுவுமே வராது. ஆனாலும் அப்பா குரல் அப்பா குரலாகத்தான் கேட்டது. இல்லாத அடிச்சுருதியை மேலே இருக்கிற ஸ்வரங்களைக் கொண்டு காது தானே ஊகித்துக்கொள்ளும். நம்மைப் படைத்தவன் நல்ல நாவலாசிரியன்; எல்லாவற்றையும் எழுதியே ஆக வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை.

குரலைப் படமாக வரைந்து காட்டும் வசதியும் இன்று சாதாரணமாகிவிட்டது. இடமிருந்து வலமாகக் காலம். கீழிருந்து மேலாகச் சுருதி. இந்தப் படத்தில் பேச்சு நெளிந்து நெளிந்து, கோலத்தின் இழை மாதிரி ஏறி இறங்கும். மின்சார முனகல் ரூல் போட்ட கோடுபோல நேராகப் போகும். உயிருள்ளது நெளியும், உயிரில்லாதது நேராக நிற்கும் என்று கவிதை எழுதத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். டேப் ஓடும் வேகம் என்றும் ஒரே சீராக இருப்பதில்லை. ஆகையால் அன்று பேசும்போதே டேப்பில் ஏறிவிட்ட முனகல், டேப்போடு சேர்ந்து லேசாக நெளிகிறது. 50-ல் நிற்காமல் 49-க்கும் 51-க்கும் தள்ளாடுகிறது. கம்ப்யூட்டரில் ஏற்றும்போது புகுந்த முனகல்தான் அசையாமல் நேராக நிற்கும். எந்த முனகல் அன்றையது, எது இன்றையது என்று இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். இன்றைய முனகல் வெறும் கவனக்குறைவு. வயரைச் சரியாகச் சொருகி இன்னொரு தரம் ஏற்றினால் போய்விடும். அன்றைய முனகல் வேறு ஜாதி. அந்த வீட்டில் அன்று மின்சாரம் இருந்தது, இந்த யந்திரம் சுவரில் சொருகியிருந்தது, வேகம் இந்த இடத்தில் தளர்ந்தது என்று அது சாட்சி சொல்லுகிறது. தளர்ந்த வேகத்தை நிமிர்த்துவதற்கு அந்த முனகலையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுகிற முறைகள்கூட உண்டு. மின்சாரம் துல்லியமாக 50-லேயே நிற்பதில்லை, நாள் முழுவதும் துளித்துளியாக ஏறி இறங்குகிறது; அந்த ஏற்ற இறக்கத்தை மின்சாரத்தின் குறிப்பேட்டோடு ஒப்பிட்டு, ஒரு பதிவு சொல்லப்பட்ட தேதியில் எடுத்ததுதானா என்று குற்றப் புலனாய்வில் சோதிக்கிறார்கள். பேசியவர் பொய் சொல்லலாம், பின்னால் முனகியது பொய் சொல்லவில்லை.

என் சிநேகிதர் ஒருவர், பாங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், 1983-ல் தம் தகப்பனார் பேசிய காஸட் ஒன்றை வைத்திருந்தார். தகப்பனார் அதில் ஒன்றும் தத்துவம் பேசவில்லை. ஊரில் உள்ள நிலத்துக்கு எல்லை எது, கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை, யாரிடம் எவ்வளவு பாக்கி என்று ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். முனகல் அதிகம். சிநேகிதர் அதை ஓர் இடத்தில் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கி வந்தார். கேட்டேன். முனகல் அறவே இல்லை. ஆனால் குரலைச் சுற்றிச் சின்னச் சின்னச் சலங்கைகள் தண்ணீருக்குள் குலுங்குகிற மாதிரி ஒரு சப்தம். நிசப்தமான ஓர் இடத்தை மாதிரிக்கு எடுத்து, 'இதுதான் இரைச்சல், எங்கும் இதைக் கழி' என்று யந்திரத்துக்குச் சொல்வார்கள். கழித்தது ஒரு கணம் அதிகமாகவும் மறு கணம் குறைவாகவும் போவதால், மிச்சம் மீதிகள் அங்கங்கே மினுக்கிக்கொண்டு இந்தச் சலங்கையாக மாறுகின்றன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பழைய பதிவில், கிணற்று முறையைச் சொல்லிவிட்டு, அடுத்ததைச் சொல்லுமுன் பெரியவர் கொஞ்ச நேரம் நிறுத்துகிறார். பின்னால் ஊஞ்சல் சங்கிலி கிரீச்சிடுகிறது. அவர் மூச்சு வாங்குகிறது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார் என்பது ஸ்பஷ்டமாகத் தெரிகிறது. பிறகுதான் பாக்கிப் பணத்தைப் பற்றிப் பேசுகிறார். சுத்தம் செய்த பதிவில் அந்த இடம் ஒரு வெற்றுக் குழி. ஆள் எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. அந்தத் தயக்கத்தை எழுத எனக்கு இரண்டு பக்கம் பிடிக்கும். அதைத் துடைக்க யந்திரத்துக்கு ஒரு வினாடி பிடிக்கவில்லை.

இதைச் சிநேகிதரிடம் ஆவேசமாகவே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, "சார், அம்மாவைக் கேளுங்கள்" என்றார். அவர் தாயாருக்கு எண்பத்தாறு வயது, காதில் யந்திரம். "உங்க அப்பா என்ன சொல்றார்னு இப்பத்தான்டா காதுல விழுது" என்றாராம். பழைய பதிவு அந்த அம்மாளின் காது யந்திரத்துக்கு வெறும் முழக்கம். ஊஞ்சலும் தயக்கமும் எனக்கும் சிநேகிதருக்கும் கிடைக்கிற ஆடம்பரங்கள். அந்த அம்மாளுக்கு வேண்டியது வார்த்தை. இதற்கு என்னிடம் பதில் இல்லை, பதில் தேவை என்றும் நான் நினைக்கவில்லை. அந்த அம்மாளுக்கு ஒரு பிரதி. பழையது ஒரு பிரதி. ஒலிக் காப்பகக்காரர்கள் விதியாகவே வைத்திருப்பது இதைத்தான்: மூலத்தை, வினாடிக்கு 48,000 மாதிரிகளுக்குக் குறையாமல் எடுத்து, எதையும் கழிக்காமல் அப்படியே வைத்துவிட வேண்டும், சுத்தம் செய்வதெல்லாம் அதன் பிரதியில்தான். சிநேகிதர் நல்ல வேளையாகக் காஸட்டைத் தூக்கி எறியவில்லை. எறிந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

யந்திரத்துக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று எப்படித் தெரியும் என்ற கேள்வியை நம் ஊர்க் கச்சேரிப் பதிவுகளில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மாறாமல் ஒரே சுருதியில் நீண்டுகொண்டே போவது இரைச்சல் என்பது யந்திரத்தின் சாஸ்திரம். மாறாமல் ஒரே சுருதியில் நீண்டுகொண்டே போவது தம்புரா என்பது நம்முடைய சாஸ்திரம். பாராமல் விட்டால் முதல் பலி தம்புராதான். பாடகர் அந்தரத்தில் நின்று பாடுவார். அதே போல, உஸ்ஸென்ற உராய்வைத் துடைக்கிறவர்கள் 'ஸ'வையும் 'ஷ'வையும் 'ச'வையும் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். உராய்வும் அவையும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. இதற்கெல்லாம் பயந்துதானோ என்னவோ, இப்போது வேறு ஒரு வித யந்திரம் வந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான மணி நேரப் பேச்சைக் கேட்டுப் பழகிய இந்த யந்திரங்களில் சில, இரைச்சலைக் கழிப்பதில்லை. கெட்டுப்போன குரலைக் கேட்டு, நல்ல குரலாக இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துப் புதிதாகவே ஒன்றை உண்டாக்கிக் கொடுக்கின்றன. கேட்க வெகு தெளிவு. சலங்கை கிடையாது, பள்ளம் கிடையாது. ஆனால் மூலத்தில் வார்த்தை விளங்காத இடத்திலும் இது தெளிவாகவே பேசும். இதற்கு எங்கள் தொழிலில் பெயர் உண்டு, கதை என்போம். கதை எழுதுவது பாவம் என்று நான் சொல்லப் போவதில்லை. அட்டையில் 'கதை' என்று போட வேண்டும், அவ்வளவுதான்.

ஏட்டுச் சுவடிகளோடு போராடிய நம் பதிப்பாசிரியர்கள் இதில் கெட்டிக்காரர்கள். சாமிநாதையர் 1894-ல் புறநானூற்றைப் பதிப்பித்தார். ஏடு செல்லரித்த இடத்தில் புள்ளி வைத்தார். பிரதிக்குப் பிரதி மாறுகிற பாடத்தைக் கீழே குறித்தார். 267, 268 ஆகிய இரண்டு பாட்டுகளும் இன்று வரை கிடைக்கவில்லை. அந்த எண்கள் மட்டும் வெறுமையாக நிற்கின்றன. அவரைப் போன்ற புலவருக்கு விட்டுப்போன அடியைச் சங்கச் செய்யுள் மாதிரியே பாடி நிரப்புவது முடியாத காரியமா? நிரப்பியிருந்தால் நாமும் கண்டுபிடித்திருக்க மாட்டோம். புள்ளி வைக்கிற யந்திரம் ஒன்றை யாராவது செய்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன்: 'இந்த இடத்தில் எனக்குக் கேட்கவில்லை' என்று சொல்லத் தெரிந்த யந்திரம்.

ஸ்டாக்ஹாமைப் பாதியில் விட்டுவிட்டேன். கரூஸோவின் பிளேட்டு வெளிவருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் அவருக்கு வேறோர் ஒலிப்பதிவு கேட்கக் கிடைத்தது. அதில் பாட்டு இல்லை, பேச்சுக்கூட இல்லை. பதினெட்டரை நிமிஷ முனகல்.

வாட்டர்கேட் கட்டடத்தில் திருடர்கள் பிடிபட்டது 1972-ம் வருஷம் ஜூன் 17. மூன்றாம் நாள், ஜூன் 20, ஜனாதிபதி நிக்ஸனும் அவருடைய அந்தரங்க அதிகாரி ஹால்டெமனும் பேசியதை நிக்ஸனே வைத்திருந்த ரகசிய யந்திரம் பதிவு செய்துகொண்டது. கோர்ட்டு அந்த டேப்பைக் கேட்டபோது, பேச்சின் நடுவில் பதினெட்டரை நிமிஷம் வெறும் ரீங்காரம். நிக்ஸனின் காரியதரிசி ரோஸ் மேரி உட்ஸ், டேப்பைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கையில் டெலிபோன் வந்தது, அப்போது தவறான பொத்தானை அழுத்திவிட்டேன், அதில் ஐந்து நிமிஷம் வரை அழிந்திருக்கலாம் என்றார். மிச்சம் பதிமூன்றரை நிமிஷத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. நீதிபதி சிரிக்கா, அரசாங்கத் தரப்பும் வழக்குத் தரப்பும் சேர்ந்து பொறுக்கிய ஆறு நிபுணர்களிடம் டேப்பை ஒப்படைத்தார். ஆறு பேரில் ஸ்டாக்ஹாம் ஒருவர்.

ரீங்காரத்தை எடுத்துவிட்டால் அடியில் பேச்சு இருக்கும் என்று ஊரெல்லாம் நம்பியது. திரைக்குப் பின்னால் ஆள் நிற்பது போல. குரலின் மேல் முனகல் ஏறியிருந்தால் அப்படித்தான். கழித்தால் குரல் கிடைக்கும். இங்கே நடந்தது வேறு. முதலில் குரல் அழிக்கப்பட்டது; அழித்த இடத்தில் முனகல் விழுந்தது. திரைக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. நிபுணர்கள் அதைத் தெரிந்துகொண்டவுடன் முனகலைக் கழிக்கிற வேலையை விட்டுவிட்டு, முனகலையே கேட்க ஆரம்பித்தார்கள். அது மின்சாரக் கம்பியிலிருந்து வந்தது என்று கண்டார்கள். காந்தப் பொடி கலந்த திரவத்தை டேப்பில் தடவி, அழிக்கிற முனையும் பதிகிற முனையும் நின்று எழும்பின இடங்களில் விழுந்த கோடுகளைக் கண்ணால் பார்த்தார்கள். 1974-ல் அவர்கள் சொன்ன முடிவு இது: உஹர் 5000 என்ற யந்திரத்தில், குறைந்தது ஐந்து தடவை, ஒருவேளை ஒன்பது தடவை, நிறுத்தி நிறுத்தி அழித்திருக்கிறார்கள், ஐந்து தடவையாவது கையால் பொத்தானை இயக்காமல் இது நடந்திருக்க முடியாது. டெலிபோன் பேசும்போது கால் தவறிப் பட்டது என்ற கதைக்கு அதோடு வலு போயிற்று. அழிந்த பேச்சைத் திரும்பக் கொண்டுவரத் தங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றும் இல்லை என்பதையும் எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் புது யந்திரங்கள் வந்தபின் 2001-ல் மறுபடி ஒரு முயற்சி செய்து, முடியாது என்று 2003-ல் கைவிட்டது. டேப்பைப் பத்திரமாக வைத்திருக்கிறது.

ஆக, ஒரே மனிதர் ஒரு பதிவில் வேண்டாத ஒலியைக் கழித்துக் குரலைக் கண்டார். இன்னொரு பதிவில் வேண்டாத ஒலியைத் தவிர அவருக்கு வேறு சாட்சி இல்லை. கரூஸோ பிளேட்டில் அவர் காட்டிய அடக்கத்துக்குக் காரணம் இந்தப் பதினெட்டரை நிமிஷம்தான் என்று சொல்லிவிட எனக்கு ஆசையாக இருக்கிறது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது; நாவலாசிரியனின் ஆசை என்று விட்டுவிடுங்கள்.

இன்னொரு பதிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எடிஸனுக்கும் முந்தியது. பாரிஸில் எட்வார் லியோன் ஸ்காட் என்பவர், புகைக்கரி பூசிய காகிதத்தை உருளையில் சுற்றி, குரலின் அதிர்வை அதில் கோடாகக் கீறுகிற ஒரு யந்திரம் செய்தார். திரும்பக் கேட்பதற்கு அல்ல, கண்ணால் படிப்பதற்கு. உருளையைக் கையால் சுற்ற வேண்டும், கையின் வேகமோ மாறிக்கொண்டே இருக்கும். ஆகையால் குரலின் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் இசைக்கவையின் மாறாத அதிர்வையும் இன்னொரு கோடாகக் கீற வைத்தார். 1860-ம் வருஷம் ஏப்ரல் 9-ந் தேதி ஒரு பிரெஞ்சு நாட்டுப் பாடலின் சில வினாடிகள் இப்படிக் காகிதத்தில் ஏறின. 2008-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அந்தக் காகிதத்தைப் படமெடுத்து, கோட்டை எண்களாக்கி, ஒலியாக மாற்றினார்கள். ஒரு சிறுமி பாடுவது போலக் கேட்டது. சிறுமியின் குரல் என்றே பத்திரிகைகள் எழுதின, உலகம் உருகியது. மறு வருஷம், இசைக்கவையின் கோட்டை மறுபடி எண்ணிப் பார்த்தார்கள். அந்தக் காலத்து பிரெஞ்சுக்காரர்கள் போவதை ஒன்று, வருவதை ஒன்று என்று அதிர்வை இரண்டாக எண்ணுகிற வழக்கம் உடையவர்கள். வேகத்தைப் பாதியாக்கினார்கள். சிறுமி மறைந்துபோனாள். நடுவயது ஆண்பிள்ளை ஒருவர், அநேகமாக ஸ்காட்டேதான், மிக மிக மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார்.